உங்கள் கையின் நிறத்தில் ஒரு மார்க்கர்

உங்கள் வண்ணப் பெட்டியில் 'ஸ்கின் கலர்' என்று எல்லோரும் சொல்லும் அந்தக் குச்சியை எடுங்கள். ஜன்னலோரம் போய்ப் பகல் வெளிச்சத்தில் அதை உங்கள் புறங்கைமேல் வைத்துப் பாருங்கள். பொருந்துகிறதா? நம்மில் பெரும்பாலோர் கைக்குப் பொருந்தாது. அது ஐரோப்பியர் சிலரின் கன்னத்தை மனத்தில் வைத்துச் செய்த வெளிர் சிவப்பு. அமெரிக்காவின் க்ரயோலா நிறுவனம் அந்த நிறத்துக்குச் 'சதை' என்றே பெயர் வைத்திருந்தது. 1962-இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டுப் 'பீச்' என்று ஒரு பழத்தின் பெயரை வைத்தது. உலக மக்களின் தோல் நிறங்கள் என்று 24 குச்சிகள் கொண்ட பெட்டியை அதே நிறுவனம் கொண்டுவந்தது 2020-இல்தான். நம் வகுப்பறைகளில் மட்டும் அந்த ஒற்றைக் குச்சியை இன்னும் 'ஸ்கின் கலர்' என்றே கேட்டு வாங்குகிறோம்.

இப்போது பிள்ளைகள் குச்சியை விட்டு ஆல்கஹால் மார்க்கருக்கு வந்துவிட்டார்கள். ஒரு முனை பட்டையாகவும் மறு முனை மெல்லிய தூரிகையாகவும் இருக்குமே, அந்தப் பேனாதான். அனிமே வரைகிறவர்கள் கையில் கட்டாயம் இருக்கும். செகந்திராபாத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள், கோடை விடுமுறையில் குடும்பத்தார் எல்லோரையும் வரைந்து ஓர் ஆல்பம் செய்ய ஆசைப்பட்டாள். ஹைதராபாத்தின் கோட்டி கடைத்தெருவில் விலை குறைவான ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தோம். தாத்தாவின் முகத்தில் பாதி முடித்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"சித்தி, மூடியில இருக்கிற கலர் ஒண்ணு, பேப்பர்ல வர்றது வேற. தாத்தா சாம்பலா இருக்காரு பாருங்க. உடம்பு சரியில்லாதவர் மாதிரி!"

"தாத்தா கை எப்படி இருக்கும்? பக்கத்துல உட்கார வச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன். பழுப்புதான். இதுவும் பழுப்புதான். ஆனா அது இது இல்ல."

அது இது இல்லை. அவள் சொன்னது மிகச் சரி. ஏன் இல்லை என்று தெரிய, பேனாவுக்குள் என்ன இருக்கிறது, தோலுக்குள் என்ன இருக்கிறது என்று இரண்டையும் பார்க்க வேண்டும். பிறகு, விலை மலிவான பெட்டியில் எந்தப் பேனா தோலுக்கு உதவும், எது உதவாது என்பதை நீங்களே சோதித்துச் சொல்லிவிடலாம்.

முதலில் பேனா. உள்ளே பஞ்சு போன்ற ஓர் உருளை, அதில் ஊறிய மை. அந்த மையில் பெரும்பங்கு எத்தனால், ஐசோபுரோப்பனால் முதலிய ஆல்கஹால்கள். அதில் சாயம் கரைந்திருக்கிறது. சாயம் வேறு, நிறமி வேறு. நிறமி என்பது கரையாத பொடி. போஸ்டர் கலரில் இருப்பது அது. சாயம் கரைந்து மூலக்கூறுகளாகப் பிரிந்து போவது. பொடி தாளின்மேல் உட்கார்ந்து அடியில் உள்ளதை மறைக்கும். சாயம் தாளின் இழைகளுக்குள் இறங்கிவிடும். அடியில் இருக்கும் தாளின் வெண்மை அதன் வழியாகத் தெரியும். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், தோலுக்கு வரும்போது இது வேண்டும்.

மை முனைக்கு வருவது நுண்புழை ஏற்றத்தால். குத்துவிளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே வேலை. தாளில் பட்டதும் அது பரவும் விதம் தண்ணீரைப் போன்றதல்ல. எத்தனாலின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் அது துளியாகத் திரண்டு நிற்காமல் உடனே இழைகளை நனைத்து ஓடிவிடும். தண்ணீர் தாளின் இழைகளுக்கிடையே புகுந்து அவற்றை ஊதவைக்கும். வாட்டர் கலர் தாள் நெளிந்துபோவது அதனால்தான். ஆல்கஹால் அந்த அளவுக்கு இழைகளை ஊதவைப்பதில்லை. எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம் என்பதால் அறை வெப்பத்திலேயே விரைந்து ஆவியாகி, சாயத்தை மட்டும் இழைகளில் விட்டுப் போகிறது. அதன்மேல் மறுபடி பேனா பட்டால், புதிதாக வந்த ஆல்கஹால் பழைய சாயத்தையும் கரைத்துக்கொண்டு கலக்கிறது. தண்ணீர் ஸ்கெட்ச் பேனாவில் விழும் கோடு கோடான தழும்பு இதில் விழாததற்கு அதுதான் காரணம்.

இன்னொரு நல்ல குணமும் உண்டு. ஜெராக்ஸ் இயந்திரத்தின் கறுப்புப் பொடி, சூட்டில் உருகித் தாளில் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக். ஆல்கஹால் மை அதைக் கரைக்காது. ஜப்பானின் கோப்பிக் மார்க்கர் 1987-இல் வந்தபோது அதன் பெரிய பெருமையே இதுதான்: நகல் எடுத்த வரைபடத்தின்மேல் கோடு கலையாமல் வண்ணம் தீட்டலாம். இன்றும் கட்டடக்கலை மாணவர்கள் இவ்வகைப் பேனாக்களைப் பயன்படுத்துவதைப் பார்க்கலாம். நமக்கும் இது ஒரு வசதி. ஒரே முகத்தைக் கோட்டுப் படமாக வரைந்து, வழவழப்பான கெட்டித் தாளில் வேண்டிய அளவு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நகலிலும் ஒவ்வொரு பேனாவைச் சோதிக்கலாம். படம் மாறாது, தாள் மாறாது, பேனா மட்டுமே மாறும். நேர்மையான சோதனைக்கு அதுதான் அடிப்படை. பால்பாயின்ட் பேனாவால் மட்டும் கோடு போடாதீர்கள். அதன் மை ஆல்கஹாலில் கரைந்து முகமெல்லாம் நீலமாகிவிடும்.

கோப்பிக் விலை அதிகம். அதில் ஒரு பேனா வாங்கும் காசுக்கு மலிவு வகையில் ஒரு பெட்டியே வாங்கிவிடலாம். ஆனால் கோப்பிக்கிடமிருந்து காசு கொடுக்காமல் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். அதன் 358 நிறங்களுக்கும் குறியீடு உண்டு. முதல் எழுத்து நிறக் குடும்பம். மண் நிறங்களுக்கென்று தனிக் குடும்பம், தோலுக்குப் பெரும்பாலும் அதுதான் உதவும். அடுத்த எண் அந்த நிறம் எவ்வளவு தூய்மையானது, எவ்வளவு மங்கியது என்பது. கடைசி எண் எவ்வளவு அடர்த்தி என்பது. மலிவுப் பெட்டிகளில் எண் இருக்கும். அதற்கு இப்படி ஓர் ஒழுங்கு பெரும்பாலும் இருக்காது. அந்த ஒழுங்கை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். அதற்குத்தான் சோதனை.

இனி தோலுக்கு வருவோம்.

தோலின் வெளிப்படலத்துக்கு மேல்தோல் என்று பெயர். உடலின் பெரும்பகுதியில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான், அதாவது நீங்கள் எழுதும் ஏ4 தாள் ஒன்றின் அளவு. அதன் அடியில் மெலனோசைட் என்னும் செல்கள் இருக்கின்றன. அவை மெலனின் என்னும் நிறமியைச் சிறு சிறு பைகளில் அடைத்துப் பக்கத்துச் செல்களுக்கு அனுப்புகின்றன. அந்தப் பைகள் போய்ச் செல்லின் உட்கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாகக் குவிந்து நிற்கும். புற ஊதாக் கதிர்கள் டிஎன்ஏவைத் தாக்காமல் மறைக்கும் குடை அது. மெலனினில் இரண்டு வகை: ஒன்று கரும்பழுப்பு, இன்னொன்று மஞ்சள் கலந்த சிவப்பு. கறுத்தவர் ஆனாலும் வெளுத்தவர் ஆனாலும் மெலனோசைட் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. அந்தப் பைகள் எத்தனை, எவ்வளவு பெரியவை, எந்த வகை மெலனின் நிரம்பியவை என்பதில்தான் வித்தியாசம் எல்லாம்.

மேல்தோலுக்குக் கீழே ரத்தக் குழாய்கள். ரத்தத்தின் ஹீமோகுளோபின் சிவப்பு. நம்மேல் படும் ஒளியின் ஒரு பகுதி மேல்தோலைக் கடந்து உள்ளே போய், கீழே சிதறி, மறுபடி மேல்தோல் வழியாக வெளியே வருகிறது. அதாவது உங்கள் கையைப் பார்க்கும்போது, பழுப்புத் திரை ஒன்றின் வழியாகச் சிவப்பையும், அதற்கும் கீழேயுள்ள வெளிர் நிறத்தையும் சேர்த்துப் பார்க்கிறீர்கள். தோல் மேலே பூசிய வண்ணம் அல்ல. ஒளி ஊடுருவும் அடுக்குகள்.

சாயம் தாளுக்குள் இறங்குவதை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஆல்கஹால் மார்க்கரும் ஒளி ஊடுருவும் அடுக்குகள்தான். தோல் எப்படி நிறம் பெறுகிறதோ அதே வழியில் இந்தப் பேனாவும் நிறம் தருகிறது. தோல் வரைய இதைவிடப் பொருத்தமான கருவி குறைவு என்று நான் நம்புவது இதனால்தான். மலிவுப் பேனாவுக்கும் இந்தக் குணம் உண்டு. அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது, அதையும் பார்ப்போம்.

தோல் நிறத்தைப் பற்றி ஹைதராபாத்தில் இருந்துகொண்டு பேசும்போது ஓர் ஆய்வைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஹப்சிகுடா பகுதியில், உப்பல் போகும் சாலையில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் இருக்கிறது. சிசிஎம்பி என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்கே பணியாற்றிய லால்ஜி சிங், குமாரசாமி தங்கராஜ், தமிழ்நாட்டின் ராமசாமி பிச்சப்பன், எஸ்டோனியா, இங்கிலாந்து நாடுகளின் விஞ்ஞானிகள் எல்லோரும் சேர்ந்து 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தென்னிந்தியாவில் 1,228 பேரின் தோல் நிறத்தைக் கண்ணால் பார்த்துக் 'கறுப்பு', 'மாநிறம்' என்று எழுதிக்கொள்ளாமல், கருவி வைத்து அளந்தார்கள். பிறகு எஸ்எல்சி24ஏ5 என்னும் மரபணுவைப் பார்த்தார்கள். அதில் டிஎன்ஏவின் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் தோல் வெளிறுகிறது. அந்த 1,228 பேருக்குள் காணப்பட்ட நிற வேறுபாட்டில் சுமார் 27 சதவீதத்தை இந்த ஓர் எழுத்தே விளக்கியது. மீதிக்கு வேறு மரபணுக்கள், வெயில், வேறு காரணங்கள். இந்தியத் துணைக்கண்டத்தின் 54 சமூகங்களில் 1,573 பேரிடமும் அந்த எழுத்தைத் தேடிப் பார்த்தார்கள். எங்கும் பரவலாக இருந்தது, அளவு மட்டும் இடத்துக்கு இடம் மாறியது. ஐரோப்பியரிடம் இருக்கும் மாற்றமும் நம்மிடம் இருப்பதும் ஒரே மூதாதையிடமிருந்து, 22,000 முதல் 28,000 ஆண்டுகளுக்கு முன் வந்தவை என்று கணக்கிட்டார்கள்.

இந்த மரபணுவை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு மீன். வரிக்குதிரை மீன் என்று விரல் நீளம்கூட இல்லாத மீன் இருக்கிறது. உடம்பில் கருநீல வரிகள் ஓடும். அதில் ஒரு வகைக்கு மட்டும் வரிகள் வெளிறித் தங்க நிறமாக இருக்கும். அதன் மெலனின் பைகள் எண்ணிக்கையிலும் அளவிலும் குறைந்தவை. ஏன் என்று தேடிப்போன அமெரிக்க விஞ்ஞானி கீத் செங்கின் குழு 2005-இல் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தது. ஒரு மீனின் வரியும் உங்கள் வீட்டில் அண்ணன் ஒரு நிறம், தங்கை ஒரு நிறம் என்று இருப்பதும் ஒரே மரபணுவில் வந்து சேரக்கூடும். வெளுத்த நிறம் உயர்ந்தது என்று சொல்லும் விளம்பரங்களுக்கு இந்த அறிவியலில் எங்கும் ஆதாரம் கிடையாது.

தோல் நிறத்தை அளப்பதற்கும் பழைய கதை உண்டு. மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975-இல் உருவானபோது அதில் வெள்ளைத் தோலின் வகைகள் மட்டுமே இருந்தன. பழுப்பும் கறுப்பும் பின்னால் சேர்க்கப்பட்டன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எல்லிஸ் மங்க் 10 நிறங்கள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார். 2022-இல் கூகுள் அதை வெளியிட்டது. கேமராவும் கணினியும் எல்லார் முகத்தையும் சரியாக அடையாளம் காண்கின்றனவா என்று சோதிக்க அது பயன்படுகிறது.

சரி, பழுப்பு என்றால் என்ன? வானவில்லில் பழுப்பைத் தேடிப் பாருங்கள், இருக்காது. பழுப்பு என்பது ஒளி குறைந்த ஆரஞ்சு. பக்கத்தில் அதைவிட வெளிச்சமான ஒன்று இருக்கும்போதுதான் அது பழுப்பாகத் தெரியும். நம்பாவிட்டால் இதைச் செய்யுங்கள். கறுப்புத் தாளைக் குழாயாகச் சுருட்டுங்கள். பழுப்பு மார்க்கரால் ஒரு கட்டத்தை நிரப்பி அதன்மேல் நல்ல வெளிச்சம் விழச் செய்யுங்கள். சுற்றியுள்ள வெள்ளைத் தாள் கண்ணில் படாதபடி, குழாய் வழியாக அந்தக் கட்டத்தை மட்டும் பாருங்கள். பழுப்பு ஆரஞ்சாக மாறத் தொடங்கும். மனிதத் தோல் உலகெங்கும் ஆரஞ்சைச் சுற்றியே இருக்கிறது. சிலருக்குக் கொஞ்சம் மஞ்சள் பக்கம், சிலருக்குக் கொஞ்சம் சிவப்புப் பக்கம். பெரிய வேறுபாடு ஒளியிலும் அடர்த்தியிலும்தான். தாத்தா சாம்பலாக ஆன மர்மத்தின் முதல் முடிச்சு இங்கே அவிழ்கிறது: அந்தப் பேனாவின் பழுப்பில் ஆரஞ்சு போதவில்லை.

ஏன் போதவில்லை என்று மையைப் பிரித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதற்கு வண்ணப்பிரிகை முறை என்று பெயர். ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ட்ஸ்வெட், 1900-களின் தொடக்கத்தில் இலைகளின் நிறமிகளைப் பிரிக்கக் கண்டுபிடித்தது. வடிதாளையோ கெட்டியான டிஷ்யூ தாளையோ விரல் அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். அடிமுனையிலிருந்து சற்று மேலே ஒவ்வொரு பட்டையிலும் ஒரு பழுப்புப் பேனாவால் புள்ளி வையுங்கள். கண்ணாடி டம்ளரில் மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் மிகக் கொஞ்சம் ஊற்றி, புள்ளி நனையாமல் பட்டையின் நுனி மட்டும் படும்படி நிறுத்துங்கள். இதை அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், ஆகையால் அடுப்பும் விளக்கும் அருகில் இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும், முகர்ந்து பார்க்காதீர்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

ஸ்பிரிட் மேலேறும்போது சாயங்களையும் இழுத்துக்கொண்டு போகும். தாளோடு அதிகம் ஒட்டும் சாயம் பின்தங்கும், ஸ்பிரிட்டோடு ஓட விரும்பும் சாயம் முன்னே போகும். ஒரே பழுப்பாக இருந்த புள்ளி மஞ்சள், சிவப்பு, நீலம் எனப் பிரிந்து நிற்பதைக் கண்டபோது என் அக்கா மகள் கை தட்டினாள். தாத்தாவைச் சாம்பலாக்கிய பேனாவின் பட்டையில் மஞ்சளும் சிவப்பும் மெல்லிய கீற்றாகவே வந்தன. பெரும்பகுதி நீலமும் கருமையும். அந்தப் பெட்டியிலேயே அவள் ஒதுக்கி வைத்திருந்த இன்னொரு பேனா, மூடியைப் பார்த்தால் செங்கல் நிறம்; அதன் பட்டையில் மஞ்சளும் ரோஜாவும் தாராளமாகப் பிரிந்தன. தாத்தாவுக்கு வேண்டியது அதுதான்.

அடுத்து அடுக்குச் சோதனை. தாளில் நீளமாக ஒரு பட்டை தீட்டி, காய்ந்ததும் கால்பங்கை விட்டு மீதியின்மேல் இரண்டாவது பூச்சு, பிறகு மூன்றாவது, நான்காவது. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பூச்சு தன்மேல் விழும் சிவப்பு ஒளியில் 100-க்கு 90 பங்கையும் நீல ஒளியில் 60 பங்கையும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பூச்சில் சிவப்பு 81, நீலம் 36. மூன்றாவதில் சிவப்பு 73, நீலம் வெறும் 22. கவனியுங்கள், நிறம் இருண்டதோடு நிற்கவில்லை. சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள இடைவெளி விகிதத்தில் பெருகிக்கொண்டே போகிறது. அதனால் நல்ல பழுப்பு அடுக்க அடுக்கச் சூடேறும், செழிக்கும். சாம்பல் கலந்த பழுப்பு எல்லா ஒளியையும் ஏறக்குறைய சமமாக விழுங்குவதால் அடுக்க அடுக்க அழுக்காகும். ஒரு பேனா தோலுக்கு ஆகுமா ஆகாதா என்பதை மூன்று பூச்சில் கண்டுகொள்ளலாம். விலைச்சீட்டும் மூடியும் சொல்லாததை இந்தப் பட்டை சொல்லிவிடும்.

ஈரமாக இருக்கும்போது முடிவு செய்யாதீர்கள். ஈரத்தாள் எப்போதும் அடர்ந்து தெரியும். காய்ந்த தாளில் இழைகளுக்கிடையே காற்று இருக்கிறது. இழைக்கும் காற்றுக்கும் ஒளியை வளைக்கும் திறன் மிகவும் வேறுபடுவதால் ஒளி சிதறித் தாள் வெளிறித் தெரிகிறது. ஆல்கஹால் அந்த இடைவெளிகளை நிரப்பினால் வேறுபாடு குறையும், சிதறல் குறையும், நிறம் இருளும். காய்ந்ததும் பழையபடி வெளிறும். மூடியின் பிளாஸ்டிக் நிறமும் காய்ந்த மையின் நிறமும் மலிவுப் பெட்டிகளில் அடிக்கடி ஒத்துப்போவதில்லை. ஆகவே எல்லாப் பேனாவையும் ஒரே அட்டையில் தீட்டி, காயவைத்து, எண்ணை எழுதி, அட்டையைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். படம் வரையப்போகும் அதே தாளில் அந்த அட்டை இருக்க வேண்டும். சாதாரண ஜெராக்ஸ் தாளில் மை ஓடிப் பின்பக்கம் வந்துவிடும், கோட்டைத் தாண்டிக் கசியும். வழவழப்பான கெட்டித் தாளில் நிற்கும்.

ஹைதராபாத்தில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த வெப்பத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து இரண்டு நிறங்களைக் கலக்க முயன்றால், இரண்டாவது பேனாவைத் திறப்பதற்குள் முதல் பூச்சு காய்ந்து ஓரத்தில் கோடு விழுந்துவிடும். ஆவியாதலைத் தூண்டுவது வெப்பமும் காற்றோட்டமும். பேனாமேல் பழி போடுவதற்கு முன் விசிறியைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்கள். கன்னம் முழுவதையும் ஒரே மூச்சில் தீட்டாமல் சின்னச் சின்னப் பகுதியாக எடுத்துக்கொண்டால் கலப்பது எளிது.

கையோடு ஒப்பிடுவது எப்போதும் பகல் வெளிச்சத்தில். இதற்கு ஒரு நுட்பமான காரணம் இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபின் 542, 577 நானோமீட்டர் அலைநீளங்களில், அதாவது பச்சை, மஞ்சள் பகுதியில், ஒளியை அதிகமாக விழுங்குகிறது. தோலிலிருந்து வரும் ஒளியை வரைபடமாக்கினால் அந்த இரண்டு இடங்களிலும் பள்ளம் விழும். மார்க்கர் சாயத்தில் அந்த இரட்டைப் பள்ளம் கிடையாது. வெயிலில் நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும், எல்இடி விளக்கின் கீழ் வெவ்வேறாகத் தெரியக்கூடும், ஏனென்றால் அந்த விளக்கில் எல்லா அலைநீளங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. பல எல்இடிகளில் அடர் சிவப்பு குறைவு. இரவில் விளக்கடியில் தேர்ந்தெடுத்த நிறம் காலையில் ஏமாற்றுவது இதனால்தான். ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஒப்பிடப் பேனாவால் கையில் தீட்டாதீர்கள். தீட்டிய தாளைக் கைக்குப் பக்கத்தில் பிடித்தால் போதும்.

இனி முகம். முதலில் மிக வெளிர் பழுப்பு முழுவதும். அதன்மேல் மூக்கு நுனி, கன்னம், காது மடல் ஆகிய இடங்களில் ரோஜா ஒரு மெல்லிய பூச்சு; அங்கெல்லாம் ரத்த ஓட்டம் தோலுக்கு அருகில். பிறகு நடுப் பழுப்பை அடுக்கடுக்காக. நிழலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள். வெளிர் ஊதாவை அடியில் போட்டு அதன்மேல் பழுப்பைப் பூசினால் நிழல் உயிரோடு இருக்கும். மீசை மழித்த இடம் சற்று நீலம் பாய்ந்து தெரியும். மயிர்க்கால்கள் தோலுக்கடியில் கறுப்பாக இருப்பதும், தோல் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதும் காரணம். உள்ளங்கையைப் புறங்கையின் நிறத்தில் தீட்டினால் தப்பாகத் தெரியும். எவ்வளவு கறுத்தவருக்கும் உள்ளங்கை வெளிர்தான், ஏனென்றால் அங்குள்ள அடித்தோல் செல்கள் டிகேகே1 என்னும் புரதத்தைச் சுரந்து மெலனின் உற்பத்தியை அடக்கிவைக்கின்றன. கைக்கடிகாரம் கட்டுபவர் என்றால் வார் இருந்த இடத்தில் இன்னொரு நிறம். ஒரே ஆளின் ஒரே கையில் எத்தனை நிறம் என்று எண்ணிப் பாருங்கள்! வெளிர், நடு, அடர் எனச் சூடான பழுப்புகள் மூன்று, ஒரு ரோஜா, ஒரு வெளிர் ஊதா, நிறங்களைக் கலக்க உதவும் நிறமில்லாத பேனா ஒன்று. மலிவுப் பெட்டியிலிருந்து சோதித்துப் பொறுக்கிய இந்த ஆறும் ஒரு தமிழ்க் குடும்பம் முழுவதையும் வரையப் போதும். பெரிய பெட்டி வாங்கித் தராவிட்டால் வருத்தப்பட வேண்டாம்.

சுற்றியுள்ள நிறமும் தோலை மாற்றும். பிரான்சின் புகழ்பெற்ற கோப்லான் நெசவுச்சாலையில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்பு நூல் சரியில்லை என்று புகார் வந்தது. சோதித்தார், சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை வெளிறிக் காட்டியது. அதை ஆராய்ந்து 1839-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். ஹைதராபாத் ஓவியர் தோட்டா வைகுண்டம் வரையும் தெலங்கானாப் பெண்களைப் பார்த்தால் இது கண்ணாலேயே புரியும். 1942-இல் கரீம்நகர்ப் பகுதிக் கிராமத்தில் பிறந்தவர் அவர். அடர்ந்த பழுப்புத் தோல், பெரிய பொட்டு, பக்கத்தில் செக்கச் சிவந்த சேலை. அந்தச் சிவப்பின் அருகே பழுப்பு மங்காமல் ஒளிர்கிறது. உங்கள் படத்தில் பாட்டியின் முகம் எடுபடாவிட்டால் முகத்தை வெளுக்க வேண்டாம், சேலையின் நிறத்தை மாற்றிப் பாருங்கள்.

ஹைதராபாத்துக்கு வந்தால் பப்ளிக் கார்டன்ஸில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். அஜந்தா குகைகள் அந்தக் காலத்தில் நிஜாமின் ஆட்சிக்குள் இருந்தன. அவற்றின் ஓவியங்களைப் பார்த்து வரைந்த நகல்களுக்கு அங்கே தனிக் கூடம் உண்டு. ஒரே காட்சியில் கறுத்தவர், மாநிறத்தவர், வெளிர் நிறத்தவர் எல்லோரும் பக்கம் பக்கமாக இருப்பார்கள். அந்த ஓவியர்கள் தோலுக்குப் பயன்படுத்தியது செங்காவி, மஞ்சள் காவி, சுண்ணாம்பு, விளக்குக் கரி. காவிக்கு நிறம் கொடுப்பது இரும்பின் ஆக்சைடு. ரத்தத்தின் ஹீமோகுளோபினிலும் நடுவில் இருப்பது இரும்பு அணுதான்.

காவி கரையாத நிறமி என்பதால் குகைச் சுவரில் சுமார் 1,500 ஆண்டுகள் தாங்கியிருக்கிறது. நம் மார்க்கரில் இருப்பது சாயம். ஒளி பட்டால் அதன் மூலக்கூறுகள் உடையும், நிறம் வெளிறும், பெரும்பாலும் ரோஜா முதலில் போகும். இதையும் சோதிக்கலாம். நிறமுள்ள ஐந்து பேனாவாலும் பட்டை தீட்டி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் வரும் ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். பள்ளி திறக்கும்போது அலுமினியத் தாளைப் பிரித்து இரண்டு பாதியையும் ஒப்பிடுங்கள். எது வெளுத்ததோ அதன் எண்ணை நிற அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தின் படங்களைச் சுவரில் மாட்டாமல் உறைக்குள் வையுங்கள், ஒவ்வொரு படத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், படத்தின் பின்பக்கம் யாருடைய முகம், எந்தெந்தப் பேனா, எத்தனை பூச்சு, என்ன தேதி என்று பென்சிலால் எழுதிவையுங்கள்.